நைலான் சவுரி

சாப்பாட்டு மேஜையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. டம்ளர்களுக்கு நடுவே ஓர் அட்டைப் பெட்டி திறந்து கிடந்தது. ஜவுளிக்கடை பொம்மையின் தலையில் இருப்பது போன்ற ஒரு பொய்முடி அதற்குள் கருகருவென்று பளபளத்தது.

பச்சையம்மா ஒரு விரலால் அதைத் தொட்டாள். தொட்ட விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எதுல செஞ்சதும்மே இது?"

"நைலான் அத்த," என்றாள் நாகலக்ஷ்மி. அவள் சமையலறை வாசலைத் தாண்டி வரவில்லை.

"நைலானு... துணி காய வெக்கக் கவுறு கட்டுவோமே, அந்த நைலானு. அதப் போய் எம்பொண்ணு தல மேல வெக்கச் சொல்ற."

முகிலன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே மனைவியைப் பார்த்தான். "நான் அசல் முடிக்குத்தான நாகு பணம் குடுத்தேன்?"

"ஆமாங்க."

"அப்புறம்?"

"இது போதும்னு தோணிச்சு."

இதைவிட மோசமான ஒரு பதிலை அவளால் தேடியிருக்க முடியாது. அவளுக்கும் அது தெரியும். ஆனால் அவளிடம் இருந்த உண்மையான பதில் வெளியே எடுக்கக் கூடியதாக இல்லை.

தீபா முகிலனின் ஒரே தங்கை. சிட்லபாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். மார்பில் கட்டி என்று தெரிந்ததும் மகள் ஓவியாவைத் தூக்கிக்கொண்டு இரும்புலியூருக்கு, அம்மா வீட்டுக்கே, வந்துவிட்டாள். அவள் புருஷன் சூர்யா ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து பார்த்துப் போவான். மருந்து ஏற ஏற, இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்த அவள் கூந்தல் கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. இப்போது ஊசியை நிறுத்திவிட்டார்கள். பெண் பிழைத்துவிட்டாள் என்று பச்சையம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். ஓவியாவுக்கு ஆவணியில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று முடிவானது. அன்றைக்குச் சொந்தபந்தம் முன்னால் தன் பெண் பழையபடி ஜடையும் பூவுமாக உட்கார வேண்டும், அவ்வளவுதான் பச்சையம்மாவின் ஆசை.

எது அசலாக இருக்க வேண்டும், எதற்கு லோக்கல் சரக்கு போதும் என்று அந்த வீட்டில் முடிவு செய்கிறவள் நாகலக்ஷ்மிதான். குக்கர் கேஸ்கட் என்றால் கம்பெனியுடையதுதான் வேண்டும். வெடித்தால் உயிர் போகும். மிக்ஸி மூடிக்கு எதுவானால் என்ன? ரயிலில் போகும்போது கைக்குக் கவரிங் வளையல், வீட்டுக் கல்யாணத்துக்குத் தங்கம். 'என் மருமவ வாங்கியாந்தா கண்ண மூடிகினு எடுத்து வெச்சிக்கலாம்' என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் இதே பச்சையம்மாதான். பெருமை பேசிய வாய் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்?

"போதும்னு தோணிச்சாம்ல... எப்படித் தோணும்? பெத்திருந்தா தெரியும். ஒண்ண பெத்து, அது தலையில முடி இல்லாம வூட்டுக்குள்ள நடமாடறத பாத்திருந்தா, போதும்னு சொல்ல வாய் வருமா?"

முகிலன், "அம்மா, விடு," என்றான். அம்மா சொன்னது தப்பு என்று மட்டும் அவன் சொல்லவில்லை. நாகலக்ஷ்மிக்கு அதுதான் அதிகம் வலித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பிள்ளை இல்லாத குறையை மாமியார் ஒரு தரம்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. இன்று சொல்லிவிட்டாள்.

உள்ளறையிலிருந்து தீபா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "நான்தாம்மா நைலான் கேட்டேன். அசல் முடி கனமா இருக்கு, தல வலிக்குது."

"நீ அவள காப்பாத்தாத. உனக்கு எப்பவும் அண்ணின்னா உசுரு." பச்சையம்மா பெட்டியை மூடினாள். காப்பியை அப்படியே வாஷ்பேசினில் கொட்டினாள்.

நாகலக்ஷ்மி டம்ளர்களைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டால் அழுகிற சத்தம் கேட்காது என்பது கூட்டுக்குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை.

ஊசியை ஏன் நிறுத்தினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அன்று ஆஸ்பத்திரிக்குத் தீபாவோடு போனவள் அவள்தான். இனி மருந்து கேட்காது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், பொங்கலைத் தாண்டினால் அதிசயம் என்று டாக்டர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். திரும்பும் வழியில், ஏரிக்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்றாள் தீபா. ஆட்டோவைச் சிட்லபாக்கத்துக்குத் திருப்பினார்கள். நடைபாதையில் பென்ஷன்காரர்கள் கைகளை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். எழுபது வயதுக்காரர்கள், எண்பது வயதுக்காரர்கள். தீபா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அசல் முடி வேணாம் அண்ணி."

"ஏன் தீபா?"

"நல்லா பாத்துக்கிட்டா வருஷக்கணக்கா உழைக்கும்னு கடைக்காரர் சொன்னாரு இல்ல? எனக்கு எதுக்கு அண்ணி வருஷக்கணக்கு? ஒரு நாளைக்கு நைலான் போதும்."

நாகலக்ஷ்மி முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தீபா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்று அங்கே முறை மாறிப்போனது.

"அந்தப் பணத்துல ஓவியாவுக்கு ஒரு ஜிமிக்கி வாங்கிடுங்க. காதுகுத்துக் கம்மல் இல்ல, அத அண்ணன் செஞ்சிடும், தாய்மாமன் சீரு. இது அவ பெரியவளாகி மஞ்சத்தண்ணி ஊத்துவோமே, அப்பப் போட. அது மட்டும் அசலா இருக்கட்டும் அண்ணி. நீங்கதான் போட்டு விடணும்."

"ஏன் தீபா இப்படியெல்லாம்..."

"சூர்யாவுக்குத் தெரியும். அவரு பேசறதையே விட்டுட்டாரு. அண்ணனுக்கு வேணாம், அதுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. அம்மாவுக்கு வேணவே வேணாம். காதுகுத்து அன்னிக்கு ஒரு நாள் அம்மா சிரிச்சிட்டு நிக்கணும். அதுவரைக்கும் சொல்ல மாட்டேன்னு ஓவியா தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

வீட்டுக்கு வந்ததும், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் தலையில் கை வைத்து நாகலக்ஷ்மி சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியத்துக்காகத்தான் இப்போது மாமியாரின் வசவையெல்லாம் அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்களாக இல்லை. முகிலன் தேவைக்குமேல் அவளோடு பேசவில்லை. பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் பச்சையம்மா விஷயத்தை லேசாகக் கசியவிட்டாள். போதாத குறைக்கு, காதுகுத்துக்கு முந்தின நாள் வெள்ளித் தட்டு எடுக்க நாகலக்ஷ்மியின் பீரோவைத் திறந்தவள், புடவைகளுக்கு அடியில் ஒரு சிவப்பு நகைப்பெட்டியைப் பார்த்துவிட்டாள். உள்ளே புத்தம் புது ஜிமிக்கி. அவள் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பீரோவைச் சாத்தினாள். அன்று முழுக்க மருமகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

காதுகுத்து அன்று விடிந்தும் விடியாத நேரம். முகிலன் வேனைக் கூட்டிவரப் போயிருந்தான். உள்ளறையில் தீபா குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். பொங்கல் பானைக்கு விபூதி இட்டுக்கொண்டிருந்த நாகலக்ஷ்மியின் மூக்கில் ஒரு நாற்றம் ஏறியது. சாம்பிராணி வாசம்தான், ஆனால் அதோடு பிளாஸ்டிக் எரிகிற கெட்ட வாடை. அவள் மாடிப்படி ஏறி ஓடினாள்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே சாம்பிராணிக் கூடை. அந்தப் பிரம்புக் கூடையின் முதுகில் விக் சுருண்டு, பொசுங்கி, பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். திட்டினாளே தவிர, பச்சையம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அவள் காலத்தில் பெண்கள் சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் சுருட்டிச் சேர்த்து வைத்துச் சவுரி பின்னிக்கொள்வார்கள். சவுரி என்றால் அவளுக்கு மனுஷ முடிதான். எதுவாக இருந்தால் என்ன, எம்பொண்ணு தலையில் ஏறப்போகிற முடி, கடை வாடையோடு ஏறக்கூடாது என்று நினைத்தாள். இருட்டோடு எழுந்து விக்கைச் சீயக்காய் போட்டு அலசினாள். எண்ணெய் தடவிச் சிக்கெடுத்தாள். தீபா பள்ளிக்கூடம் போன காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் செய்தது போலவே நெருப்பு மூட்டி, சாம்பிராணி தூவி, கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் முடியை விரித்துவிட்டாள். குழந்தையின் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"பாத்தியா உன் சாமான?" பச்சையம்மா திரும்பாமலே கேட்டாள். "ஒரு பொகைக்குத் தாங்கல. அசல் முடியா இருந்தா இப்டி ஆவுமா?"

"கை சுட்டுகிச்சா அத்த? காட்டுங்க."

"கை இன்னா கை... வவுறு எரிது எனக்கு. பீரோவுல பாத்தேம்மே. ஜிமிக்கி. எம்பொண்ணு தலைக்கு நைலானு, உங்காதுக்குத் தங்கமா?"

நாகலக்ஷ்மி வாயைத் திறந்தாள். எந்தப் பக்கம் போனாலும் சத்தியம் வந்து குறுக்கே நின்றது. வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்ல மாட்ட. சொல்றதுக்கு இன்னா கீது? சரி, நானே ஒண்ணு சொல்றேன் கேளு. இன்னிக்கு காதுகுத்து வேணாம். முகிலன் வந்தா வேன திருப்பி அனுப்பச் சொல்றேன். தையில பண்ணிக்கலாம். ஊசிதான் நிறுத்திட்டாங்களே, அதுக்குள்ள எம்பொண்ணுக்கு சொந்த முடியே வளந்துடும். உன் நைலானும் வேணாம், உன் தயவும் வேணாம்."

"வேணாம் அத்த."

"இன்னா வேணாம்?"

"தள்ளி வெக்க வேணாம். இன்னிக்கே பண்ணிடலாம். உங்கள கையெடுத்துக் கும்புடறேன்."

"ஏன், தை மாசம் எங்கனா ஓடிப்பூடுமா?"

நாகலக்ஷ்மி தரையில் உட்கார்ந்து மாமியாரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஜிமிக்கி எனக்கு இல்ல அத்த. ஓவியாவுக்கு. அவ வயசுக்கு வரப்போ போடறதுக்கு."

"வயசுக்கு வரப்பவா? இன்னும் பால்பாட்டிலு வுடாத புள்ளம்மே அது. அதுக்கு இப்ப இன்னா அவசரம்? அன்னிக்கு அவ அம்மாக்காரி வாங்கிப் போட மாட்டாளா?"

பிடித்த முழங்காலை நாகலக்ஷ்மி இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"மாட்டாளா?" என்றாள் பச்சையம்மா மறுபடியும். இந்த முறை அது சண்டைக் குரலாக இல்லை.

வாயை நாகலக்ஷ்மியால் காக்க முடிந்தது. கண்ணைக் காக்க முடியவில்லை. கன்னத்தில் வழிந்தது கழுத்துக்கு இறங்கி, ஜாக்கெட்டை நனைத்தது. தாம்பரத்துக்குள் நுழையும் ரயில் ஒன்று நீளமாக ஊதிக்கொண்டு போனது. அது போய் முடிகிறவரை பச்சையம்மா மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி நிறுத்திட்டாங்களே..." என்றாள். தெருவெல்லாம் கொடுத்த சர்க்கரை அப்போதுதான் அவள் நெஞ்சில் வந்து அடைத்திருக்க வேண்டும். "அவளுக்குத் தெரியுமா?"

நாகலக்ஷ்மி ஆமாம் என்று தலையசைத்தாள்.

"நைலானு கேட்டது அவளா?"

அதற்கும் தலையசைத்தாள்.

"ஜிமிக்கியும்?"

பச்சையம்மா இரண்டு கைகளாலும் தன் முகத்தில் அறைந்துகொள்ளத் தொடங்கினாள். நாகலக்ஷ்மி பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்தாள். "சத்தம் வேணாம் அத்த, கீழ கேக்கும்... தீபா எழுந்துடுவா..." பச்சையம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். உடம்பு மட்டும் குலுங்கியது. பெற்ற பெண்ணுக்காக வாய்விட்டு அழக்கூட முடியாத ஒரு நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

கொஞ்ச நேரம் கழித்துத் துணியை எடுத்தாள். "வாடகைக்கு வுட்டுகீற வூட்ட வித்துடலாம். ரோட்டுமேல கீற மனைய வித்துடலாம். உன் மாமனாரு வுட்டுட்டுப் போனது எல்லாத்தையும் வித்துடலாம். வேற பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்மா..."

"கேட்டுட்டோம் அத்த. இன்னும் ரெண்டு எடத்துல ரிப்போர்ட்ட காட்டிட்டாரு சூர்யா. எதை வித்தாலும் ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

எதை வாங்கலாம், எதை விடலாம் என்று எல்லாவற்றுக்கும் முடிவு வைத்திருக்கிற நாகலக்ஷ்மிக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

"இத வெச்சிகினுதான் என்கிட்ட அத்தன பேச்சும் வாங்கிகினியா?" பச்சையம்மா மருமகளின் தலையை இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "பெத்திருந்தா தெரியும்னு சொன்னேனே... என் நாக்கு அழுவிப் போவ. பெத்த எனக்குத் தெரியல, உனக்குத்தான தெரிஞ்சிது... என்ன மன்னிச்சிடும்மா நாகு."

"அப்டிலாம் பேசாதீங்க அத்த."

"ஒண்ணு மட்டும் செய். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம். நான் சிரிச்சிகினு நிக்கணும்னு ஆசப்பட்டா இல்ல? நின்னுட்டுப் போறேன்."

குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு பச்சையம்மா கீழே போனாள். போகும்போதே குரலை உயர்த்திக்கொண்டாள். "ஏன்டி, இன்னும் இன்னா தூக்கம்? வேனு வந்துடும், எழுந்து பொடவைய கட்டு."

தீபா கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். "விக் எங்கம்மா?"

"பொசுக்கிட்டேன்டி. சாம்பிராணி போட்டேன், சுருண்டுடுச்சி."

தீபா ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்தாள். இருமல் வருகிறவரை சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "நைலானுக்கு யாராச்சும் சாம்பிராணி போடுவாங்களாம்மா?"

"எனக்கு இன்னா தெரியும்? பட்டணத்துச் சரக்கு. சரி வுடு. குலதெய்வத்துக்கு அம்மாவும் பொண்ணும் சேந்து முடி குடுக்கறதா வேண்டுதல்னு சொல்லிக்கலாம். யார் கேக்கப் போறா?"

சந்தனத்தைக் கிண்ணத்தில் குழைத்து எடுத்துவந்து, மகளைத் தன் முன்னால் உட்கார வைத்துக்கொண்டாள். அந்த வெறுந்தலையில், நெற்றியிலிருந்து பிடரி வரை, ஓர் இடம் விடாமல் பூசினாள். பூசிய இடத்திலேயே திரும்பத் திரும்பப் பூசினாள். வேன் வந்து ஹாரன் அடித்த பிறகும் அவளுக்குக் கையை எடுக்க மனசு வரவில்லை.

படப்பைக்குப் போகும் வழியில் இருக்கிறது அவர்கள் அம்மன் கோயில். நல்ல கூட்டம். ஓவியாவுக்கு மொட்டை போட்டு, அதற்கும் சந்தனம் தடவினார்கள். இரண்டு மொட்டைத் தலைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். சூர்யா மட்டும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பச்சையம்மாவின் ஓரகத்தி கிளியம்மாள் சும்மா இருக்கிற ரகம் இல்லை. "முடி வாங்கி வெக்கறதா சொன்ன, இன்னாக்கா ஆச்சி? உன் மருமவ அதுலயும் மிச்சம் புடிச்சிட்டாளா?" என்றாள் எல்லோரும் கேட்க.

நாகலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ வாங்கிதான் குடுத்தா. நான்தான் பொசுக்கினேன்," என்றாள் பச்சையம்மா. "இன்னொன்னும் கேட்டுக்க கிளி. என் மருமவளப் பத்தி உன் வூட்டாண்ட வந்து ஏதேதோ பேசினேன் இல்ல? அது அத்தினியும் என் புத்தி கெட்டத்தனம். நான் பெத்த ரெண்டையும்விட அவதான் எனக்கு பெரிசு. இனிமே அவள யாரு ஒரு வார்த்த சொன்னாலும் என்னாண்ட பேச்சு வெச்சிக்க வேணாம்."

முகிலன் ஒன்றும் புரியாமல் அம்மாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு நாகலக்ஷ்மியிடம் வந்து, "கொழந்தைய நீ எடுத்து என் மடியில வெய், நாகு," என்றான். கோபம் தீர்ந்துவிட்டது என்பதை அவனுக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும்.

தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். வாயில் வெல்லத்தைத் திணித்தார்கள். ஆசாரி குங்குமத்தால் காதில் புள்ளி வைத்துவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே தங்கக் கம்பியை அழுத்தினார்.

ஓவியா வீறிட்டது.

அந்த அழுகைக்காகத்தான் காத்திருந்தவள் போலப் பச்சையம்மாவும் வாய்விட்டு அழுதாள். மார்பில் அடித்துக்கொண்டு, "என் கண்ணே, என் தங்கமே, உனக்கா இந்த வலி, உனக்கா," என்று கதறினாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பேத்திக்குக் காது குத்தினால் ஆயாவுக்கு வலிக்கிறது பார் என்று யாரோ கேலி செய்தார்கள்.

தீபா சிரிக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் நின்ற நாகலக்ஷ்மியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சா அண்ணி?"

நாகலக்ஷ்மி அவள் முகத்தைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து நெற்றியில் வெடித்திருந்தது.

"இல்ல தீபா. கொழந்த அழறது தாங்காம அழறாங்க."

தீபா அவளை வெகுநேரம் பார்த்தாள். "சரி அண்ணி," என்றாள். பிடித்திருந்த கையை ஒரு தரம் அழுத்தி, விடுவித்தாள்.

மெல்ல நடந்து அம்மாவிடம் போனாள். தன் முந்தானையால் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழாதம்மா. ரெண்டு நாள் வலிக்கும். அப்புறம் ஆறிடும்."

"ஆறிடும்மா," என்றாள் பச்சையம்மா. "ஆறிடும்."